பெயின்ட் அடிக்காத படகு

மாட்டுப் பொங்கலுக்குக் கொம்பில் அடித்தது போக, டப்பாவில் கொஞ்சம் நீலப் பெயின்ட் மிச்சம் இருந்தது. மிச்சப் பெயின்டைக் கண்டால் ராஜ்கமலுக்குக் கை சும்மா இருக்காது. முக்காலி, கோழிக்கூண்டு, சைக்கிள் மட்கார்டு எல்லாம் நீலமாகிவிட்டன. இப்போது அவன் மடியில் ஒரு தகரப் படகு இருந்தது.

உப்பளத்து வாய்க்காலில் சேறு வாரும்போது அப்பாவுக்குக் கிடைத்த பொம்மை அது. சாவி கொடுத்தால் ஓடுகிற வகை. சாவியும் அதிலேயே இருந்தது. ஆனால் சிவப்பு நிறம் உரிந்து, துருவேறி, முன்பக்கம் பள்ளம் பள்ளமாக நசுங்கியிருந்தது.

அதைப் பார்த்ததுமே அவன் தங்கை மலர்கொடிக்குத் தன் வகுப்புத் தோழி ஜான்சியின் நினைவு வந்தது. அனுமந்தையில் ஜான்சியின் வீட்டைச் சுனாமி கொண்டுபோய் ஓராண்டு ஆகிவிட்டது. "எங்கப்பா சின்ன வயசுல விளையாடின சிவப்புப் படகும் போச்சு. அது மாதிரி இனிமே கிடைக்கவே கிடைக்காது" என்று ஜான்சி அடிக்கடி சொல்வதை அண்ணனிடம் சொன்னாள்.

"அதுவா இருந்தா, புதுசு மாதிரி பண்ணிக் குடுத்துடுவோம்" என்றான் ராஜ்கமல். பள்ளத்தைத் தட்டி நிமிர்த்தச் சுத்தியலும் தயார். பிரஷ் பெயின்டில் முங்கி எழுந்தது.

"தம்பி! பிரஷ்ஷைக் கீழ வை!"

மொபெட்டை நிறுத்திவிட்டு ஓடி வந்தவர், ஊர் ஊராகப் பழைய பொருள் வாங்கும் பக்தவச்சலம். படகைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சாவியோட கிடைக்கிறதே பெரிய விஷயம். இதைச் சேர்த்து வைக்கிறவங்க துரு, பள்ளம் எல்லாம் அப்படியே இருந்தாதான் தேடி வருவாங்க. நீ பெயின்ட் அடிச்சா, இது கடையில தொங்குற பொம்மைதான். நல்ல விலை தர்றேன், எனக்குக் குடுத்துடறீங்களா?"

ராஜ்கமலின் முகம் மலர்ந்தது. மலர்கொடி படகைச் சட்டென்று வாங்கிக்கொண்டாள்.

"இது என் ஃபிரெண்டோட அப்பாவுதா இருக்கலாங்க."

"இருக்கலாம்தானே! நீ பார்த்தியா?" என்றான் அண்ணன்.

"பார்க்கல. அதுக்குத்தான் சொல்றேன். சிவப்புப் படகு ஊர்ல எவ்வளவோ இருக்கும். இதை நீலமாக்கிட்டு, பள்ளத்தையும் நிமிர்த்திட்டா, தன்னுதுன்னு அவருக்கு எப்படித் தெரியும்?"

பக்தவச்சலம் சிரித்துவிட்டார். "நான் சொன்னதைவிட நீ நல்லா சொல்லிட்டம்மா. முதல்ல அவங்களைக் கேளு. அவங்களுது இல்லைன்னா எனக்கு."

அப்பாவிடம் சொல்லிவிட்டு, நீல மட்கார்டு சைக்கிளில் இருவரும் அனுமந்தைக்குப் போனார்கள். தகரக் கொட்டகை வீட்டின் வாசலில் ஜான்சியின் அப்பா குழந்தைசாமி, கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஜான்சி.

மலர்கொடி படகை நீட்டினாள். "இது உங்களுதா பாருங்க மாமா."

அவர் படகை வாங்கினார். கட்டைவிரலால் முன்பக்கத்தைத் தடவிப் பார்த்தார். தடவ வேண்டிய இடம் அவர் விரலுக்குத் தெரிந்திருந்தது.

"ஜான்சி, இந்தப் பள்ளமெல்லாம் பாரு. எங்கண்ணன் புடுங்க வந்தா, குடுக்காம பல்லால கவ்விக்குவேன். இதெல்லாம் என் பல்லு!"

சுத்தியலை நினைத்துப் பார்த்த ராஜ்கமல் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

குழந்தைசாமியின் கண் கலங்கிவிட்டது. "நல்லா இருக்கணும்மா நீ. எங்க வூட்டுல இருந்து திரும்பி வந்தது இது ஒண்ணுதான். எப்படிப் போச்சோ அப்படியே கொண்டாந்துட்டியே!"

மலர்கொடிக்கும் அழுகை வந்தது. சந்தோஷமாகத்தான் இருந்தது, ஆனாலும் வந்தது. ஜான்சி அவள் கையைப் பிடித்தவள் விடவேயில்லை.

"பக்தவச்சலம் மாமாவுக்கும் நன்றி சொல்லணும்டி" என்றாள் மலர்கொடி. "அவர் கத்தலைன்னா இந்நேரம் இது நீலம்."

அதற்குள் மடியிலிருந்த குட்டித் தம்பி படகை இரண்டு கைகளாலும் பிடித்து வாய்க்குக் கொண்டுபோனான். ஜான்சி பாய்ந்து பிடுங்கினாள்.

"அப்பா! இவனும் கடிக்கப் பார்க்கிறான்!"

குழந்தைசாமி அந்தப் பொக்கை வாயைப் பார்த்து வயிறு குலுங்கச் சிரித்தார்.

"அவசரப்படாதடா. முதல்ல உனக்குப் பல்லு முளைக்கட்டும்!"