கடைசி ஆளுக்குப் பின்னால்

தொண்டாமுத்தூரைத் தாண்டி, தென்னந்தோப்பெல்லாம் முடிந்து மலை எழும்புகிற இடத்தில், கல்லூத்து எஸ்டேட்டின் பழைய பங்களா நிற்கிறது. சனிக்கிழமை மத்தியானம் கவின் தன் பைக்கை அதன் வாசலில் நிறுத்தியபோது ஆடிக் காற்று ஓடுகளைத் தடதடக்க வைத்துக்கொண்டிருந்தது. கூடவே சாரல். மலையில் பாதி மேகத்துக்குள் போயிருந்தது. இந்த அழகில் மறுநாள் காலை மலை ஓட்டம்.

வாசலில் தேஜஸ்ரீயின் படம், மாலை போட்டு. போன வருடம் இதே ஓட்டத்தில், இதே மழையில், மலையிலேயே செத்துப்போனவள். படத்தில் நன்றாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். கவின் அந்தப் பக்கம் பார்க்காமல் உள்ளே போனான்.

ஓட்டத்தை நடத்துகிற நரசிம்மலு அவனைப் பார்த்ததும் தலையைச் சொறிந்தார்.

"கவினு, இன்னொருக்கா யோசிச்சுப் பாருங்க. சனம் என்ன வேணா பேசுமுங்க."

"பேசறதுக்கு இன்னும் என்னங்க பாக்கி இருக்குது? இந்த வருசமும் நான்தானுங்க ஸ்வீப்பர். ரிப்பன எங்க வெச்சிருக்கீங்க?"

மலை ஓட்டத்தில் ஸ்வீப்பர் என்று ஒருவர் உண்டு. கவினின் மாமனார் வீட்டில் இதைக் கேட்டுவிட்டு, கூட்டிப் பெருக்குகிற வேலையா மாப்பிள்ளை என்று சிரித்தார்கள். அதுவல்ல. எல்லோரும் ஓடிய பிறகு, கடைசி ஆளுக்கும் பின்னால் போகிறவர். வழி காட்டுவதற்காகக் கிளைகளில் கட்டிய ரிப்பன்களை அவிழ்த்துக்கொண்டே வரவேண்டும். காட்டில் ஒரு துண்டு பிளாஸ்டிக்கூட இருக்கக்கூடாது என்பதில் எஸ்டேட்காரர்கள் கறார். ஆக, ஸ்வீப்பர் தாண்டிப் போன இடத்தில் வழியும் கிடையாது, ஆளும் கிடையாது. இருக்கவே கூடாது.

போன வருடம் ஒருத்தி இருந்தாள்.

மழைக்காக ஒரு பாறையிடுக்கில் ஒதுங்கியவளைக் கவின் கவனிக்காமல் தாண்டிவிட்டான். யாரையாவது விட்டுவிட்டோமோ என்று அவனுக்குச் சந்தேகம் வந்ததென்னவோ உண்மை. திரும்பி ஒரு நடை மேலே போய்ப் பார்க்கலாமா என்று வாக்கி டாக்கியில் கேட்டான். எதற்கு, எல்லோரும் வந்தாயிற்று, முடிவுக் கோட்டு மிஷினில் தேஜஸ்ரீ பேரும் ஏறிவிட்டது, இறங்கி வாருங்கள் என்றார் நரசிம்மலு. இறங்கினான். மறுநாள் அவளைத் தூக்கி வந்தார்கள். மேலே மெல்லிய பனியன் தவிர ஒன்றுமில்லை. ரிப்பன் இல்லாத காட்டில் சுற்றிச் சுற்றி வந்திருக்கிறாள்.

மிஷின் மழையில் கோளாறு என்று முடித்துவிட்டார்கள். மிஷினைத் திட்டினால் அதற்கென்ன, வலிக்கவா போகிறது? மனிதனைத்தான் திட்டினார்கள். பொம்பளையை மலையில் விட்டுவிட்டு வந்தவன் என்று பெயர் விழுந்தது. அவனிடம் ஓட்டப் பயிற்சிக்கு வந்துகொண்டிருந்த பெண்கள் ஒவ்வொருவராக நின்றுபோனார்கள். அவன் மனைவி நித்யஸ்ரீ மட்டும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் கேட்காததுதான் அவனை அதிகம் அறுத்தது. அதனால்தான் இந்த வருடம் அடம்பிடித்து வந்தான். ஒருத்தர் விடாமல் கீழே கொண்டுவந்து சேர்த்துவிட்டால், தன் பெயரைத் தானே கழுவிக்கொள்ளலாம் என்று ஒரு நப்பாசை.

அன்று பொழுது சாய்வதற்குள் மலை முழுக்க மஞ்சள் ரிப்பன் கட்டி முடித்தான். போன வருடம் ரோஸ்.

ஞாயிறு காலை, மழை வலுத்திருந்தது. ஓட வந்தவர்கள் குடைக்கடியில் கைகாலை உதறிக்கொண்டிருந்தார்கள். எண் எழுதிய அட்டையை எல்லாவற்றுக்கும் மேலே போட்டிருக்கும் உடையில்தான் குத்தவேண்டும் என்று மைக்கில் அறிவித்தார்கள். அதன் பின்பக்கம் ஒட்டியிருக்கும் சிப்பைத்தான் முடிவுக் கோட்டில் கிடக்கிற ரப்பர் பாய் மோப்பம் பிடிக்கும். தாண்டினால் ஒரு பீப், திரையில் பெயர். மழையென்பதால் எல்லோரும் அட்டையை ஜாக்கெட்டில் குத்திக்கொண்டார்கள்.

அப்புறம் சசிதர் மைக்கை வாங்கினார். தேஜஸ்ரீயின் கணவர். கணபதி ஏரியாவில் பம்பு செட் கம்பெனி வைத்திருக்கிறவர். நீல ஜாக்கெட், புது ஷூ. மனைவியின் நினைவாக ஓடுகிறேன் என்றார். கூட்டம் கைதட்டியது. பிறகு ஓரமாக நின்ற கவினைத் தேடிப் பிடித்துப் பார்த்து, மைக்கிலேயே சொன்னார்.

"கவின், உங்க மேல எனக்குக் கோவமில்லைங்க. நான் உங்கள மன்னிச்சுட்டேன்."

அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்த இடத்திலேயே மண்ணுக்குள் போய்விடலாம்போல இருந்தது கவினுக்கு. "சரிங்க" என்றான்.

ஓட்டம் கிளம்பியது. மேலே கணவாய் வரை ஏற்றம், அப்புறம் மலையின் அந்தப்பக்கமாகச் சுற்றி இறக்கம், மறுபடி பங்களா. கவின் நின்று நிதானமாக, கிளை கிளையாக மஞ்சள் ரிப்பனை அவிழ்த்துப் பையில் போட்டுக்கொண்டே ஏறினான். ஒவ்வொரு பாறைக்குப் பின்னாலும் போய் எட்டிப் பார்த்தான். மத்தியானத்துக்குள் எல்லோரும் முன்னே போய்விட்டார்கள். கடைசியாக நடந்துகொண்டிருந்தவர் சசிதர். ஆறு மாதமாகப் பயிற்சி எடுத்த மனிதர், நாலடி வைக்கிறார், நின்று பின்னால் பார்க்கிறார். கவினைப் பார்க்கவில்லை. கவினுக்கும் பின்னால் பார்த்தார்.

கணவாயை நெருங்கும்போது மூடுபனி இறங்கியது. சசிதர் அதற்குள் போய் மறைந்தார். காற்றில் சோலை மரங்கள் ஓலமிட்டன. அந்த இரைச்சலுக்கு நடுவே கவினுக்கு வேறொரு சத்தம் கேட்டது.

சளக். சளக்.

நனைந்த ஷூவின் சத்தம். தன் ஷூவாக இருக்கும் என்று நின்றான்.

சத்தம் நிற்கவில்லை.

அவனுக்குப் பின்னால், மேட்டில் இருந்து, கொஞ்சம் நொண்டுகிற மாதிரி வந்துகொண்டிருந்தது. கவின் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"யாருங்க?"

 நீலகிரித் தைலத்தின் வாசனை மட்டும் வந்தது. போன வருடம் ஏற்றத்தில் ஒருத்தி உட்கார்ந்து முழங்காலுக்கு அந்தத் தைலத்தைத் தேய்த்துக்கொண்டிருந்ததும், முடியலைன்னா சொல்லுங்கம்மணி என்று அவன் கேட்டதும், வந்துருவேனுங்க என்று அவள் சிரித்ததும் ஞாபகம் வந்தது.

யானையாக இருந்தால்கூடப் பரவாயில்லை என்று நினைத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தான். ஆளில்லை. ஆனால் இப்போதுதான் அவன் கையால் மஞ்சள் ரிப்பனை அவிழ்த்த கிளையில் ஒரு ரிப்பன் ஆடிக்கொண்டிருந்தது.

ரோஸ். வெளுத்துப்போன ரோஸ்.

கவின் ஓடினான். ஸ்வீப்பர் ஓடக்கூடாது; ஓடினான். கணவாயைத் தாண்டிய இறக்கத்தில் சசிதர் ஒரு பாறைமேல் உட்கார்ந்திருந்தார். இடது கணுக்கால் வீங்கியிருந்தது. உடம்பு வெடவெடவென்று நடுங்கியது. ஜாக்கெட்டைக் காணவில்லை.

"ஏனுங்க, ஜாக்கெட்டு எங்கீங்க?"

"குடுத்துட்டேன்."

"யாருக்குங்க?"

சசிதர் பனியைப் பார்த்துக்கொண்டே, யாருக்கும் கேட்டுவிடக்கூடாது என்பதுபோல் சொன்னார். "குளுருதுன்னு கேட்டா. கழட்டி நீட்டினேன். வாங்கிட்டா."

கவின் தன் ஜாக்கெட்டைக் கழற்றி அவருக்குப் போர்த்தினான். எதிரே குந்தி ஜிப்பை மாட்டிவிட்டான். அப்போது வாக்கி டாக்கி கரகரத்தது. நரசிம்மலுவின் குரல்.

"கவினு, சசிதர் சார் வந்துட்டாருங்க. மிஷின்ல பேரு ஏறிருச்சு. எல்லாரும் வந்தாச்சு. எறங்கி வந்துருங்க."

கவின் அந்தக் கருவியைப் பார்த்தான். எதிரே நடுங்கிக்கொண்டிருந்த சசிதரைப் பார்த்தான்.

போன வருடம் கேட்ட அதே வார்த்தைகள். பெயர் மட்டும்தான் வேறு.

"வரலீங்க. சசிதர் சார் இங்க என்ற முன்னாடி உக்காந்திருக்காரு" என்று கத்தினான். அந்தப்பக்கம் இரைச்சல்தான் வந்தது. சசிதர் அழ ஆரம்பித்திருந்தார்.

"நெம்பரு ஜாக்கெட்டுலயே இருந்துச்சு கவின். அவளுதும் ஜாக்கெட்டுலதான் இருந்துச்சு."

"எவளுதுங்க?"

"போன வருசம். எனக்குக் குளுரு தாங்கல. அவ தன்ற ஜாக்கெட்ட கழட்டிக் குடுத்தா. நீங்க முன்னால போங்க, மெதுவா வாரேன்னா. நானும் நல்ல டைம்ல முடிச்சுபோடலாம்னு போயிட்டேன். பாய்ல கால வெச்சேன், ரெண்டு பீப் அடிச்சுது."

கவினுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது.  ஒரு வருடம். பெயர் கெட்டு, பிழைப்புக் கெட்டு, கட்டின மனைவியின் முகத்தைப் பார்க்கக் கூசி ஒரு வருடம்.

"ரெண்டு பீப்பு. அது உங்க காதுலயும் வுழுந்துச்சு."

"ஆமாங்."

"வாயத் தொறக்கலையே நீங்க."

"பொண்டாட்டி ஜாக்கெட்டப் புடுங்கிப் போட்டுட்டு வந்தவன்னு சொல்லுவாங்கல்ல."

"அதுக்குத்தான் என்னைய மன்னிச்சீங்களாக்கும்."

சசிதர் தலையைத் தூக்கவில்லை. கவின் எழுந்தான். பக்கத்துக் கிளையில் இருந்த மஞ்சள் ரிப்பனை அவிழ்த்தான். அடுத்ததையும் அவிழ்த்தான். எல்லோரும் வந்தாயிற்று என்று சொல்லியாகிவிட்டது. இனி ஒரு நாய்கூட அவனைக் கேட்காது. நாலைந்து கிளை தாண்டி இறங்கிவிட்டான். அப்போதுதான் கவனித்தான்.

சளக் சத்தம் அவனோடு வரவில்லை.

அது மேலேயே நின்றுவிட்டது. பாறைக்குப் பக்கத்தில். பனிக்குள்ளிருந்து ஒரு பெண்ணின் குரல், அலுங்காமல், வீட்டில் கூப்பிடுகிற மாதிரி கேட்டது.

"என்னங்க, போலாமா?"



கவினுக்கு அப்படியே இறங்கிப் போய்விடத்தான் ஆசை. பொய்யாக விழுந்த பெயர், இன்னும் ஒரு வளைவு இறங்கினால் நிஜமாகிவிடும் என்பதுதான் அவனை நிறுத்தியது. வாயில் வந்ததையெல்லாம் திட்டிக்கொண்டே திரும்பி ஏறினான். சசிதரை முதுகில் தூக்கிக்கொண்டான்.

ஒரு ஆள்தான். ரெண்டு ஆள் கனம் கனத்தது.

இறக்கம் முழுக்க அவன் பிடரியில் தைல வாசனை வீசிக்கொண்டே வந்தது. அவன் திரும்பிப் பார்க்கவில்லை. சசிதர் கண்ணைத் திறக்கவில்லை.

பங்களா வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்து வெளிச்சம் குறைந்துகொண்டிருந்தது. முடிவுக் கோட்டில் மெடல் போட நின்றிருந்த அக்ஷிதா என்ற கல்லூரிப் பெண் சசிதரைப் பார்த்ததும் இரண்டடி பின்னால் போனாள்.

"உங்களுக்குத்தான் அப்பவே மெடல் போட்டேனுங்களே. தலையத் தூக்கவேயில்லைங்க. கை ஐஸாட்டம் இருந்துச்சு."

பந்தலுக்குள் ஒரு பிளாஸ்டிக் சேரின் முதுகில் நீல ஜாக்கெட் மாட்டியிருந்தது. சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வடிந்தது. மெடல் அதன் மேலேயே தொங்கியது. ஜாக்கெட் பையிலிருந்து ரோஸ் ரிப்பன் ஒரு கொத்து எட்டிப் பார்த்தது. அதெல்லாம் போன வருடமே கவின் மூட்டையாகக் கட்டி எரித்த ரிப்பன்.

"சொல்லுங்க சார்" என்றான் கவின். "மேல என்றகிட்ட சொன்னத இவங்ககிட்டயும் சொல்லுங்க."

கூட்டம் சேர்ந்துவிட்டது. யாரோ சூடான காபியை சசிதர் கையில் கொடுத்தார்கள். இரண்டு மடக்குக் குடித்தார். முகத்தில் ரத்தம் திரும்பியது. ரத்தத்தோடு புத்தியும் திரும்பியது.

"குளுருல என்னென்னமோ ஒளறியிருப்பேன். எனக்கு ஒண்ணும் ஞாபகமில்லைங்க" என்றார். "ஜாக்கெட்ட வழியில கழட்டி வெச்சேன். யாரோ எடுத்துட்டு வந்திருப்பாங்க. கவினும் பாவம், ஒரு வருசமா மனசு கஷ்டத்துல இருக்கறாரு. எதாவது கேட்ட மாதிரி இருந்திருக்கும்."

எல்லோரும் கவினை இரக்கத்தோடு பார்த்தார்கள். போன வருடத்து ஏச்சைவிட இந்த இரக்கம் கேவலமாக இருந்தது. நரசிம்மலு அவன் தோளில் கை வைத்து, போய் ரெஸ்ட் எடுங்க என்றார். மிஷினைப் பற்றி அவர் பேசவில்லை. திரையையும் அணைத்துவிட்டார்.

கவின் மூட்டையைக் கட்டிக்கொண்டு வெளியே வந்தான். காதைத் தீட்டிக்கொண்டுதான் நடந்தான். பின்னால் எந்தச் சத்தமும் இல்லை.

சசிதர் ஜாக்கெட்டைத் தொடவில்லை. வேண்டாம் என்று அங்கேயே விட்டுவிட்டார். நொண்டிக்கொண்டே போய்த் தன் காரில் ஏறினார். இடது காலுக்கு வேலையில்லாத ஆட்டோமேட்டிக் கார். கதவைச் சாத்தினார், தன் சீட் பெல்ட்டை மாட்டினார், வண்டியைக் கிளப்பினார்.

பீப்.

பீப்.

கவின் பைக்கில் சாவியைப் போட்டவன் நிமிர்ந்தான். முன்சீட்டில் உட்கார்ந்தவர் பெல்ட் போடாவிட்டால் அடிக்கிற சத்தம் அது. சசிதருக்குப் பக்கத்து சீட் காலியாக இருந்தது. ஒரு பைகூட அதன்மேல் இல்லை. அந்தப் பக்கத்துக் கண்ணாடியில் உள்பக்கம் மட்டும் ஆவி படிந்துகொண்டிருந்தது.

சசிதர் ஜன்னலை இறக்கினார். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

"கவின். ஏனுங்க, சித்த ஊடு வரைக்கும் கூட வாரீங்களா?"

தைல வாசனை கவின் வரை வந்தது. அவன் காலி சீட்டைப் பார்த்தான். பிறகு சசிதரைப் பார்த்தான்.

"எல்லாரும் வந்தாச்சுங்க" என்றான். "நீங்க கெளம்புங்க."

காருக்குள் பக்கத்து சீட் பெல்ட் மெல்ல இழுபட்டு, க்ளிக்கென்று மாட்டிக்கொண்டது.

பீப் சத்தம் நின்றது.