கீழிருந்து ஆடிய கயிறு

ஹமீதா பானு கீழே போய்ச் சேர்ந்துவிட்டாள் என்று கயிறு ஆடியபோது, அவள் செருப்புச் சத்தம் இன்னும் மூன்றாவது மாடியைத் தாண்டவில்லை.

நாலாவது மாடித் திருப்பத்தில் நின்றிருந்த பாக்கரின் கையில் கயிற்றின் மேல் முனை இருந்தது. ரெண்டு ஆட்டு. கயிறு கோத்திருந்த இரும்பு வளையங்கள் கீழிருந்து மேலாக, மாடிக்கு மாடி கிணுகிணுத்துக்கொண்டே வந்து அவன் காதருகில் அடங்கின. கீழே சேர்ந்தாயிற்று, அடுத்த ஆள் இறங்கலாம் என்று அதற்கு அர்த்தம். அதே நேரத்தில் அவன் பெண்டாட்டியின் செருப்பு, சரக் சரக் என்று, பயந்து பயந்து ஒவ்வொரு படியாக இறங்கிக்கொண்டிருப்பதும் கேட்டது.

முற்றத்தில் நிற்கும் காவல்கார மூக்கையா அவசரத்தில் அவளுக்கு முந்தி ஆட்டிவிட்டார் என்று நினைத்துக்கொண்டான். ஆனால் மூக்கையா முப்பது வருஷம் தோணியில் கிடந்தவர். அவசரம் என்பது அவர் உடம்பிலேயே கிடையாது.

ஏர்வாடிக்குக் கிழக்கே அந்தக் கரையில் ஓட்டு வீடும் ஓலை வீடும்தான். அவற்றுக்கு நடுவில், சங்கும் கொப்பரையும் கொழும்புக்கு அனுப்பிக் கொழித்த வாவு முகம்மது முதலாளி, பார்க்கிறவன் கழுத்து வலிக்கட்டும் என்றே நாலு மாடியில் கம்பெனிக் கட்டடம் எழுப்பியிருந்தார். உப்புக்காற்று அரிக்காமல் இருக்கப் படிக்கட்டைக் கட்டடத்தின் நடுவயிற்றில் வைத்துவிட்டார்கள். ஜன்னல் இல்லை. நட்டநடுப் பகலிலும் அங்கே இருட்டுதான். கீழ்த்தளத்துச் சரக்குக் கிட்டங்கியில் சங்குச் சதை அழுகும் வாடை அந்த இருட்டு வழியாகவே மேலே ஏறி, கணக்குப்பிள்ளைகளின் சட்டையில் ஒட்டிக்கொண்டு அவரவர் வீடுவரை போகும்.

கொழும்பில் ஒரு கட்டடம் எரிந்தபோது ஜனங்கள் படிக்கட்டில் ஒருவரை ஒருவர் மிதித்துச் செத்ததை முதலாளி கண்ணால் பார்த்து வந்தவர். வந்த அன்றே தலைமைக் கணக்குப்பிள்ளை பாக்கரைக் கூப்பிட்டு, ஆபத்து வந்தால் எல்லாரையும் கீழே இறக்குகிற பொறுப்பு உன்னுடையது என்று சொல்லிவிட்டார். கயிறு பாக்கரின் யோசனை. சங்கு குளிக்கிறவன் கடலுக்கடியிலிருந்து கயிறு ஆட்டுவதைப் பார்த்துப் பழகிய ஊர், யாருக்கும் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. சேகண்டி அடித்ததும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கி, கீழே சேர்ந்ததும் ரெண்டு ஆட்டு ஆட்ட வேண்டும். முற்றத்தில் கொடிக்கம்பத்துக்கு நேரே வரிசையாக நிற்க வேண்டும். கயிறு ஆடாமல் இறங்கக் கூடாது. ஆடிய பிறகு மேலே நிற்கவும் கூடாது. வெள்ளிக்கிழமைதோறும் ஒத்திகை. தப்புப் பண்ணினவர்களை, வயசு பார்க்காமல், நாலு மாடியும் மறுபடி ஏறி இறங்க வைப்பான். இதில் அவனுக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. கொஞ்சம் என்ன, நிறையவே உண்டு.

புயல் விடிகாலையில் பிடித்தது. ஜன்னல்களுக்கெல்லாம் முந்தின நாளே பலகை அடித்து, ஆட்களை வீட்டுக்கு அனுப்பியாயிற்று. நாலாவது மாடியில் தங்கியது டெலிபோன் பார்க்கும் சேதுலட்சுமி, கூட்டிப் பெருக்கும் பிச்சையம்மாள், மூக்கையா, பாக்கர். கூடவே ஹமீதா பானு. ஊரில் இதைவிடப் பலமான கட்டடம் இல்லை என்று அவளைக் கூட்டி வந்தவன் பாக்கர்தான். கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகவில்லை. முழுகாமல் இருந்தாள்.

அந்தப் பலமான கட்டடம் மத்தியானம் முனக ஆரம்பித்தது. மூன்றாவது மாடிச் சுவரில் கை நுழைகிற அளவுக்கு விரிசல் விட்டது. டெலிபோன் கம்பி அறுந்துபோவதற்கு முன் இராமநாதபுரத்திலிருந்து கடைசியாக வந்த பேச்சை சேதுலட்சுமி அப்படியே ஒப்பித்தாள். காற்று திடீரென்று நிற்கும், நம்ப வேண்டாம், மறுபக்கமிருந்து இன்னும் மோசமாக அடிக்கும், நிற்கிற நேரத்துக்குள் கட்டடத்தைக் காலி செய்து மேட்டுப் பள்ளிவாசலுக்குப் போய்விடுங்கள்.

சாயங்காலம் அஸர் தொழுகை நேரத்தில் காற்று நின்றது. யாரோ கையால் வாயைப் பொத்தியதுபோல் நின்றது. விரிசல் விட்ட படிக்கட்டில் கூட்டமாக இறங்க முடியாது, ஒவ்வொருவராகத்தான் இறங்க வேண்டும். மூக்கையா அரிக்கேன் விளக்கோடு முதலில் போனார். கயிறு ஆடியது. பிச்சையம்மாள் போனாள். கயிறு ஆடியது. மூட்டுவலிக்காரி இவ்வளவு சீக்கிரம் இறங்கிவிட்டாளே என்று சேதுலட்சுமி சிரித்தாள். மூன்றாவதாக, "பிஸ்மில்லா" என்று சொல்லிக்கொண்டு ஹமீதா பானு முதல் படியில் காலை வைத்தாள். இரண்டு படி இறங்கித் திரும்பிப் பார்த்தாள்.

"இருட்டா இருக்குங்க."

"கயித்த விடாத. கீழ மூக்கையா நிக்கிறாரு. நீ ஆட்டுனா எனக்கு இங்கன தெரியும்."

"நீங்க உடனே வந்துருவீகளா?"

"ஒனக்குப் பின்னாடி சேதுலட்சுமி. அதுக்குப் பின்னாடி நான்தான்."

சரி என்று தலையாட்டிவிட்டுப் போனவள்தான். இப்போது பாக்கர் கழுத்தை நீட்டி அந்தச் செருப்புச் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தான். சரக். சரக். இரண்டாவது மாடித் திருப்பம். அங்கே சத்தம் நின்றது. கிணற்றில் குடத்தை முக்குகிறபோது வருமே, அந்த மாதிரி ஒரு சின்னச் சத்தம். பிறகு ஒன்றுமில்லை.

"பானு."

படிக்கட்டு அவன் குரலை வாங்கிக்கொண்டது, திருப்பித் தரவில்லை. மற்ற நாட்களில் ஒரு தும்மல் போட்டாலும் நாலு தரம் எதிரொலிக்கிற இடம் அது.

"பானு. புள்ள. ஒரு சத்தங் குடு."

கீழேயிருந்து காற்று வந்தது. அடைத்த கட்டடத்துக்குள் காற்று வர வழியே இல்லை. ஆனாலும் வந்தது. சில்லென்று, மெதுவாக, யாரோ அடியிலிருந்து உந்தி அனுப்புகிற மாதிரி படிப்படியாக ஏறி வந்து அவன் முகத்தில் பட்டது. எப்போதும் இருக்கும் சங்கு வாடை அதில் இல்லை. பாய்மரமே அமிழ்கிற ஆழத்திலிருந்து நங்கூரத்தை இழுத்தால் அதில் ஒட்டிக்கொண்டு வரும் கருஞ்சேற்றின் வாடை இருந்தது. சூரியனே படாத சேறு.

"நான் எறங்கட்டுமா சார்?" என்றாள் சேதுலட்சுமி. முந்தானையை இடுப்பில் செருகித் தயாராக நின்றாள்.

"பொறும்மா. அவ கொரல் குடுக்கல."

"கொரல் எதுக்கு சார், கயிறு ஆடிருச்சுல்ல. புள்ளைய ஆத்தாகிட்ட விட்டுட்டு வந்துருக்கேன். அது அழுதுக்கிட்டு இருக்கும்."

"முத்தத்துல யாரு பேச்சும் கேக்கலையே. மூக்கையா இருமக்கூட இல்ல."

அவள் அவனை விநோதமாகப் பார்த்தாள். "நீங்கதான சார் சொல்லுவீக, கயிறு ஆடுனா கண்ண மூடிக்கிட்டு எறங்கணும்னு. யோசிக்கிறவன்தான் சாவான்னு."

சொல்லியிருந்தான். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் சொல்லியிருந்தான். அந்த நேரம் பார்த்துக் கட்டடம் அடியிலிருந்து ஒருமுறை நெளிந்தது. உத்தரத்திலிருந்து காரை பொலபொலவென்று உதிர்ந்து சேதுலட்சுமியின் தலையில் விழுந்தது. இங்கேயே நிறுத்தி வைத்து இவளைக் கொல்லவா என்று பாக்கர் தன்னையே திட்டிக்கொண்டான். கயிற்றுக்கு என்ன, பழையது, புயலில் தானாக ஆடியிருக்கும். பானு முற்றத்தில்தான் இருப்பாள். பயத்தில் வாயடைத்துப் போயிருப்பாள். அவள் சுபாவமே அப்படித்தான்.

"போம்மா. அவளப் பாத்ததும் அங்கனயிருந்தே கத்து. நான் கேட்டுக்கிட்டே இருப்பேன்."

சேதுலட்சுமிக்குச் செருப்பு இல்லை. அவள் பாதம் படியில் படுவது பத், பத் என்று கேட்டது. கூடவே பேசிக்கொண்டே போனாள், அவனுக்காகவா தனக்காகவா தெரியவில்லை. மூணாவது மாடி சார். விரிசல் பெரிசாயிருச்சு சார். சுவரெல்லாம் வேர்த்திருக்கு. பாக்கர் ஒவ்வொன்றுக்கும் ம் என்றான்.

"சார், கயிறு நனைஞ்சிருக்கு."

"ம்."

"சொதசொதன்னு இருக்கு சார். பாசி மாதிரி வழுக்குது."

அவன் கைக்குள் கயிறு ஆடியது. ரெண்டு ஆட்டு. நிதானமாக, பழகிய கை ஆட்டுகிற ஆட்டு. வளையங்கள் கிணுகிணுத்து மேலேறி வந்தன.

கீழே பாதச் சத்தம் நின்றது.

"சார்." அவள் குரல் சிறுத்துப்போயிருந்தது. "யாரு சார் ஆட்டுறது? நான் இன்னும் எறங்கவே இல்லையே."

"மேல வந்துரு."

பாதச் சத்தம் மேலே திரும்பவில்லை.

"சேதுலட்சுமி, மேல வந்துரு. ஓடியா."

"வாரேன்," என்றாள். அவனிடம் சொன்னதாகத் தெரியவில்லை. கீழே நிற்கிற யாரிடமோ, தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்கிற குரலில் சொன்னாள். பத். பத். பாதம் கீழ்நோக்கிப் போனது. பிறகு அந்தக் குடம் முக்குகிற சத்தம்.

பாக்கர் ஓடினான். கயிற்றைப் பிடிக்காமல், சுவரில் தோளை உரசிக்கொண்டு, இருட்டில் நாலைந்து படிகளாகத் தாவினான். பானு, பானு என்று கூப்பிட்டுக்கொண்டே போனான். மூன்றாவது மாடித் திருப்பம். அதற்குக் கீழே ஏழெட்டுப் படிகள்தான் இறங்கியிருப்பான். கால் தண்ணீருக்குள் போனது.

தண்ணீர் அசையவில்லை. அலை இல்லை, சலசலப்பு இல்லை. கணுக்காலைச் சுற்றி இறுகி நின்றது. குனிந்து கையை விட்டுத் துழாவினான். அடுத்த படி. அதற்கடுத்த படி. தோள்வரை விட்டும் தண்ணீர்தான். உதட்டில் தெறித்தது உப்பு. கடல் உள்ளே வந்து, யாருக்கும் தெரியாமல், மரியாதையாகப் படியேறிக்கொண்டிருந்தது.

பக்கத்தில் கயிறு ஆடியது. ரெண்டு ஆட்டு. தண்ணீருக்குள்ளிருந்து.

எப்படி மேலே வந்தான் என்று அவனுக்குத் தெரியாது. நாலாவது மாடி. மேசை. டெலிபோன். காதில் வைத்தான். செத்துக் கிடந்தது. கதவுக்கு முட்டுக் கொடுத்திருந்த கடப்பாரையை எடுத்தான். முற்றத்துப் பக்கத்து ஜன்னல் பலகையில் அதைச் செருகி நெம்பினான். ஆணி கிரீச்சிட்டது. யா அல்லா, என் பிள்ளையும் அவளும், யா அல்லா, என்று வாய் அதன் போக்கில் சொல்லிக்கொண்டிருந்தது. அவளைக் கூட்டி வந்தவன் நான். இறக்கி விட்டவன் நான். அவளை மட்டும் கொடு. பலகை பெயர்ந்தது.

வெளியே மஞ்சள் வெளிச்சம். மேகத்துக்கு நடுவே வட்டமாக ஒரு வெறும் வானம். ஊர் இல்லை. ஓட்டு வீடும் ஓலை வீடும் இல்லை. மேட்டுப் பள்ளிவாசலின் மினாரா மட்டும் தொலைவில் தண்ணீருக்கு மேலே நின்றது. அவன் கால்களுக்கு ஒரு மாடி கீழே கடல், விளிம்பு தெரியாத தூரம்வரை, சுருக்கமில்லாமல் கிடந்தது.

புயல் கலக்கிய தண்ணீர் கலங்கல்தான் இருக்க வேண்டும். இது தெளிவாக இருந்தது. அடிவரை தெரிந்தது.

முற்றம் தெரிந்தது. கொடிக்கம்பம் தெரிந்தது. அதற்கு நேரே அவர்கள் நின்றார்கள்.

வரிசையாக.

அவன் சொல்லிக் கொடுத்தபடி, ஒரு கை இடைவெளி விட்டு. மூக்கையா முன்னால். கையில் அரிக்கேன். தண்ணீருக்கடியில் அது எரிந்துகொண்டிருந்தது. பின்னால் பிச்சையம்மாள். சேதுலட்சுமி அப்போதுதான் வந்து தன் இடத்தில் நின்று, முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். யாரும் துடிக்கவில்லை. யாரும் மிதக்கவில்லை. எல்லா முகங்களும் மேலே, அவனைப் பார்த்து நிமிர்ந்திருந்தன. கடல்பக்கத்து வாசல் கதவு திறந்து கிடந்தது. அந்த வழியாக இன்னும் ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். அவனுக்குத் தெரியாத ஆட்கள். அந்தக் காலத்து உடுப்பு. எல்லாருக்கும் வரிசை தெரிந்திருந்தது.

ஹமீதா பானு கடைசியில் நின்றாள், முற்றத்துக்குத் திறக்கும் படிக்கட்டு வாசலில். முக்காடு விலகி முடி மேல்நோக்கி அலைந்தது. ஒரு கை வயிற்றைப் பொத்தியிருந்தது.

அவள் அவனைப் பார்த்துவிட்டாள். வாய் திறந்தது. கண்ணாடி போன்ற அந்தத் தண்ணீருக்குள் அவள் உதடு அசைவது அவனுக்கு எழுத்து எழுத்தாகப் புரிந்தது. வராதீங்க. வராதீங்க. தலையை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஆட்டி ஆட்டிச் சொன்னாள். வராதீங்க.

அவளுடைய மற்றக் கை கயிற்றைப் பிடித்திருந்தது. ரெண்டு ஆட்டு ஆட்டியது. அவள் குனிந்து அந்தக் கையைப் பார்த்தாள். நிறுத்தப் பார்த்தாள். அது மறுபடியும் ஆட்டியது.

பின்னால், படிக்கட்டில், வளையங்கள் கிணுகிணுத்து ஏறி வந்தன. பாக்கர் ஜன்னல் சட்டத்தை இரண்டு கையாலும் இறுகப் பற்றிக்கொண்டு அவளையே பார்த்து நின்றான். போக மாட்டேன் என்று அவளுக்குச் சத்தமாகச் சொன்னான். சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவன் வலது கை, ஒவ்வொரு விரலாகச் சட்டத்தை விட்டுவிட்டு, அவனைக் கேட்காமல், பின்னால் இருட்டுக்குள் கயிற்றைத் தேடி நீண்டது.