தோற்றவர்கள் போட்ட சத்தம்

மேட்டுக்குப்பம் சடுகுடு டீம் ஜெயித்துவிட்டது. நம்பித்தான் ஆகவேண்டும். மூன்று வருடமாக முதல் ஆட்டத்திலேயே உதை வாங்கி, தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்பிய டீம் அது. அறுபத்தெட்டாம் வருடம் பழவேற்காட்டு மைதானத்தில் ஓடைக்குப்பத்தை ஒரே ஒரு பாயிண்டில் மடக்கிவிட்டது.

ஆனால், ஏரியில் திரும்பி வந்த அவர்களுடைய படகைப் பார்த்தால் யாரும் அப்படிச் சொல்லமாட்டார்கள். ஆட்டக்காரர்கள் ஆளுக்கொரு மூலையில் சுருண்டு கிடந்தார்கள். கேப்டன் மாரியப்பனுக்கு முழங்கால் இரண்டிலும் சிராய்ப்பு. மீன் விற்கும் கெங்கம்மாள் அத்தைக்குக் கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது. பாவம், சைகையில் பேசிக்கொண்டிருந்தாள்.

மாரியப்பனின் தங்கை செங்கம்மா ஐந்தாம் வகுப்பு படிப்பவள். கை தட்டியதில் அவள் உள்ளங்கை இன்னும் எரிந்தது.

"ஜெயிச்சா இப்படித்தான் இருக்குமா நைனா?" என்று அப்பாவைக் கேட்டாள்.

கழி ஊன்றிப் படகைத் தள்ளிக்கொண்டிருந்த துலுக்காணம் யோசித்தார். "தெர்லம்மா. நமக்குப் பழக்கமில்ல."

"அடுத்த ஞாயித்துக்கிழமை பொன்னேரி," என்றான் மாரியப்பன், கண்ணைத் திறக்காமலே. "அதுலயும் ஜெயிச்சா கும்மிடிப்பூண்டில ஃபைனல். இந்த தபா கப்பு நமக்குத்தான்."

துலுக்காணம் தள்ளுவதை நிறுத்தினார். "ஞாயித்துக்கிழமை நம்ம பாடாச்சேடா."

ஏரியில் நல்ல இறால் கிடைக்கும் இடத்தில் எல்லாக் குப்பமும் ஒரே நாளில் வலை போட முடியாது. முறை வைத்து நாளுக்கொரு குப்பம் போடும். அந்த முறைக்குப் பெயர்தான் பாடு. அதைத் தவறவிட்டால் அடுத்த சுற்று வரும்வரை காத்திருக்க வேண்டும். அந்த வருடமோ மழை ஏமாற்றிவிட்டது. எல்லார் வீட்டிலும் கஞ்சிக்கே இழுபறி. சடுகுடு ஆடுகிறவர்கள்தான் வலை இழுக்கிறவர்களும்.

"அவ்ளோதான். கப்பு போச்சு," என்றான் மாரியப்பன். கோபப்படக்கூட அவனுக்குத் தெம்பில்லை.

செங்கம்மாவுக்கு அழுகை முட்டியது. மூன்று வருடம் தொண்டை கிழியக் கத்தியது இதற்குத்தானா?

"பாட்டை மாத்திக்க முடியாதா நைனா? கலியன் சித்தப்பா கல்யாணத்துக்கு மாத்திக்கினாங்களே."

"மாத்திக்கலாம். திங்கக்கிழமை பாடு ஓடைக்குப்பத்துக்கு. இன்னிக்குத்தான் அவங்கள மண்ணைக் கவ்வ வெச்சோம். இன்னா மூஞ்சிய வெச்சுக்கினு போயி கேக்கறது?"

அப்போது பின்னால் ஏதோ கூச்சல் கேட்டது. செங்கம்மா திரும்பிப் பார்த்தாள். ஓடைக்குப்பத்துப் படகு சேற்றில் தட்டி நின்றுவிட்டது. கடலோடு சேர்ந்து ஏரித் தண்ணீரும் வற்றும் நேரம். தோற்ற ஆட்டக்காரர்கள் இறங்கித் தள்ளிப் பார்த்தார்கள். படகு அசையவில்லை.

"கெடக்கட்டும்," என்றான் மேட்டுக்குப்பத்தான் ஒருவன். "என் காலைப் புடிச்சு இன்னா இழு இழுத்தானுங்க."

"திருப்பு நைனா," என்றாள் செங்கம்மா. "தண்ணி இன்னும் வத்திச்சுன்னா ராவெல்லாம் அங்கயே கெடப்பாங்க. தோத்தவங்களுக்கு அசதி ஜாஸ்தி. நமக்குத் தெரியாதா?"

துலுக்காணம் படகைத் திருப்பினார்.

முனகிக்கொண்டே எல்லாரும் சேற்றில் இறங்கினார்கள். கெங்கம்மாள் அத்தை உட்கார்ந்த இடத்திலிருந்தே கையை ஆட்டி ஆட்டி அதட்டினாள். இரண்டு டீமும் தோள் கொடுத்துத் தள்ள, படகு சளக்கென்று நகர்ந்தது.

ஓடைக்குப்பத்துக் கேப்டன் தணிகாசலம் முகத்துச் சேற்றைத் துடைத்துக்கொண்டான்.

"அண்ணே," என்றாள் செங்கம்மா. "ஞாயித்துக்கிழமை எங்களுக்குப் பொன்னேரில ஆட்டம். அன்னிக்கு எங்க பாட்டை நீங்க எடுத்துக்கினு, திங்கக்கிழமை உங்க பாட்டை எங்களுக்குத் தர்றீங்களா?"

"உங்களுக்கு நாங்க ஏன் தரணும்?"

"நாங்க பொன்னேரிக்குப் போவலைன்னா, ஆட்டத்துக்கே வராத டீம்கிட்ட தோத்தவங்கன்னு உங்களைத்தான் சொல்லுவாங்க. நாங்க கப்பு வாங்கினா, கப்பு வாங்கினவங்ககிட்டயே ஒரு பாயிண்ட்லதான் தோத்தோம்னு நீங்க சொல்லிக்கலாம்."

தணிகாசலம் அவளைப் பார்த்தான். பிறகு தன் ஆட்களைப் பார்த்தான். அவர்களில் ஒருவன் சிரித்துவிட்டான்.

"சரி, எடுத்துக்குங்க," என்றான் தணிகாசலம். "எங்க பெரியவங்ககிட்ட நான் சொல்லிக்கறேன். ஆனா பொன்னேரில தோத்தீங்கன்னா எங்க மானமும் சேந்து போவும். ஒழுங்கா ஆடுங்க."

பொழுது சாயும் நேரத்தில் மேட்டுக்குப்பத்துப் படகு கரை சேர்ந்தது. செங்கம்மாவின் அம்மா பூவம்மாள் கரையில் நின்றிருந்தாள். சேறும் சோர்வுமாக ஒவ்வொருவராக இறங்கினார்கள்.

"மூஞ்சியப் பாத்தாலே தெரியுது," என்றாள் பூவம்மாள். "போவுது வுடுங்க. சோறு ஆறுது, வாங்க."

"ஜெயிச்சுட்டோம்மா," என்றான் மாரியப்பன் கொட்டாவி விட்டபடி.

"ஆமா, போன வருஷமும் இப்படித்தான் சொன்னே."

கெங்கம்மாள் அத்தை வாயைத் திறந்தாள். வெறும் காற்றுதான் வந்தது.

அப்போது கரையை ஒட்டி ஓடைக்குப்பத்துப் படகு போனது. பூவம்மாள் பேச்சு காதில் விழ, தணிகாசலம் எழுந்து நின்று, வாயருகே கையைக் குவித்தான்.

"யக்கா, அவங்கதான் ஜெயிச்சாங்க. நாங்கதான் தோத்தோம். ஒரே ஒரு பாயிண்ட்டு."

அவன் ஆட்களும் சேர்ந்து, "ஒரே ஒரு பாயிண்ட்டு" என்று சத்தம் போட்டார்கள். தோற்றவர்களே சொன்ன பிறகு பூவம்மாள் நம்பாமல் என்ன செய்வாள்? மகனின் சேற்றுத் தலையை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

செங்கம்மா ஏரியைப் பார்த்துத் திரும்பி நின்றாள். எரிகிற உள்ளங்கையோடு, போய்க்கொண்டிருந்த அந்தப் படகுக்காக இன்னொரு தடவை கை தட்டினாள்.