சுத்தம் என்று எடுத்த மண்

முந்திரிக் கொல்லைக்குள் யாரோ ஒருவன் மண்டியிட்டு, திருகுபோல் இருந்த இரும்புக் கம்பியைத் தரைக்குள் இறக்கிக்கொண்டிருந்தான். திலகவதி ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு வேலியோரம் வந்தாள்.

"யாரைக் கேட்டு இங்கிட்டு தோண்டுறீங்க?"

அவன் நிமிர்ந்தான். நெற்றியெல்லாம் செம்மண். கண்கள் மட்டும்... பிடிபட்ட கண்கள்.

"கேக்கத்தாங்க வந்தேன். வீடு பூட்டியிருந்துச்சு."

"பூட்டியிருந்தா எடுத்துக்கிறதா?"

"ஒரு பிடி மண்ணுதாங்க."

பதில் சொல்வதற்குள் மழை பிடித்துக்கொண்டது. இருவரும் மோட்டார் கொட்டகைக்கு ஓடினார்கள். ஆளுக்கொரு மூலையில் நின்றபடிதான் அவன் தன்னைப் பற்றிச் சொன்னான். பெயர் நிலவழகன். மண் ஆய்வாளன். பக்கத்தில் மூடிக்கிடக்கும் தோல் பதனிடும் ஆலையின் நிலம் எவ்வளவு கெட்டிருக்கிறது என்று பார்க்க அரசு நிதி ஒதுக்கியிருக்கிறது. ஒப்பிட்டுப் பார்க்க, வெளியே கெடாத மண்ணும் கொஞ்சம் வேண்டும்.

"சுத்தமான மண்ணா தேடுனேன். ஒங்களோடதுதான் கண்ணுல பட்டுச்சு."

"சுத்தம் பண்ணவும் காசு வந்திருக்கா?"

"இல்லைங்க. பாக்க மட்டும்தான்."

"நோயைக் கண்டுபிடிக்கக் காசு இருக்கு, வைத்தியத்துக்கு இல்லையா? எங்க மெடிக்கல்ல இப்படி யாவாரம் பண்ணா கடையைச் சாத்திட்டுப் போகவேண்டியதுதான்."

அவன் சிரித்தான். அவளும் சிரித்துவிட்டாள். சிரித்த பிறகுதான் அந்தச் சத்தம் அவளுக்கே புதிதாகத் தெரிந்தது. கந்தர்வக்கோட்டை மருந்துக்கடையில் பகலெல்லாம் பேச்சு. வீட்டுக்கு வந்தால் பேச ஆளில்லை. அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். திருப்பூரிலிருந்து அண்ணன் ரத்தினவேல் ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணுவார். அதுவும் இந்தக் கொல்லையை விற்பதைப் பற்றித்தான். இருவர் பெயரிலும் இருக்கிற நிலம்.

நிலவழகன் பிறகும் வந்தான். முதலில் மன்னிப்புக் கேட்க... பிறகு கிணற்றில் தண்ணீர் எவ்வளவு கிடக்கிறது என்று பார்க்க... அதற்கப்புறம் காரணம் எதுவும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. டீயில் சர்க்கரை போதாது என்பான். மருந்துக்கடைக்காரி வீட்டில் அவ்வளவுதான் கிடைக்கும் என்பாள். அவன் பைக் சத்தம் கேட்காத மாலைகள் முன்னைவிட நீளமாகிவிட்டன.

ஒருநாள் வந்தவன் உட்காரவில்லை.

"ஒங்க மண்ணுல குரோமியம் இருக்குங்க, தோல் பதனிடுற ரசாயனம், விஷம். ஆலைக்குள்ள எடுத்த சில எடத்தைவிட அதிகம். முன்னாடி இங்க என்ன போட்டீங்கன்னு கேட்டுட்டுத்தான் எடுத்திருக்கணும். தப்பு என்னோடது."

அவளுக்கு உடனே புரிந்தது. ஆலை ஓடிய காலத்தில் கழிவுச் சேற்றை எரு என்று சும்மாவே கொடுத்தார்கள். அப்பா டிராக்டர் வைத்து ஏற்றிவந்து கொல்லை முழுக்க இறைத்தார். அக்கம்பக்கத்தில் எல்லோரும்தான்.

அனுமதியில்லாமல் எடுத்த மண் கணக்கில் சேராது என்றான். பங்குக்காரர்களில் ஒருவர் சம்மதித்தாலே போதும்; அவள் கையெழுத்துப் போட்டால், இந்த நிதியிலேயே நிலத்தையும் கிணற்றையும் முறையாகப் பார்த்துவிடலாம். மார்ச் தாண்டினால் நிதி திரும்பிப் போய்விடும். ஆனால், கெட்டது என்று முடிவானால் நிலம் மாசுப் பட்டியலில் ஏறும். வாங்க ஆள் வராது.

அண்ணன் ஏற்கெனவே விலை பேசி முடித்திருந்தார்.

"இந்தக் கையெழுத்துக்காகத்தான் இத்தனை நாள் வந்தீங்களா?"

கேட்டவுடனே அதைத் திரும்ப விழுங்கிவிட நினைத்தாள்... முடியவில்லை. அவன் ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டான். மறுபடி வரவில்லை. கூப்பிடலாம் என்று போனை எடுப்பாள், வைத்துவிடுவாள். அவள் ஏன் முதலில் கூப்பிட வேண்டும்?

போனில் அவள் விஷயத்தைச் சொன்னதும் ரத்தினவேல் நேரில் வந்தார். கையெழுத்துப் போட்டால் ஒனக்கு அண்ணன் என்று ஒருத்தன் இல்லை என்றார். அவளுக்கு இருந்த ஒரே சொந்தம் அவர்.

மறுநாள், அண்ணன் விலை பேசியிருந்த கீரமங்கலத்துத் தம்பதி நிலம் பார்க்க வந்தார்கள். வீடு கட்டும் ஆசை. அந்தப் பெண்ணுக்கு மாசம் ஆறோ ஏழோ இருக்கும். மோட்டாரைப் போடச் சொல்லி, கை குவித்துத் தண்ணீரை ஏந்தினாள்.

"குடிக்கலாம்ல அக்கா?"

திலகவதி எட்டி அவள் கையைத் தட்டிவிட்டாள்.

"குடிக்காதம்மா."

பிறகு ஒன்றுவிடாமல் சொன்னாள்... அண்ணனைப் பார்த்துக்கொண்டே. தம்பதி போன பிறகு ரத்தினவேல் பையை எடுத்தார். சோறு ஆக்கியிருக்கிறது என்றாள். திரும்பிப் பார்க்காமல் போனார். இரண்டு பேருக்கு வடித்த சோற்றின் முன்னால் அவள் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

விடிந்ததும் பஸ் ஏறிப் புதுக்கோட்டையில் நிலவழகனின் அலுவலகத்துக்குப் போனாள். அதிகாரி சிரித்துக்கொண்டே நீட்டிய பேனாவால் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தால், படியில் நிலவழகன். இளைத்திருந்தான். வெளியே தூறிக்கொண்டிருந்தது.

"போட்டுட்டேன். எப்ப வாரீங்க?"

"நான் வர மாட்டேங்க. ஒங்க நெலத்துக்கு வேற ஆளைப் போடச் சொல்லிட்டேன்."

"இன்னும் கோவமா?"

"கோவம் இல்ல." அவன் மழையைப் பார்த்தான். "பரிசோதிக்கிறவனுக்கு அந்த நெலத்துக்காரங்களோட சம்பந்தம் எதுவும் இருக்கக் கூடாதுங்க. எனக்கு இருக்கு... மொத நாள் அந்தக் கொட்டகையில நின்னதுலேருந்தே இருக்கு. அத ஆபீசர்கிட்ட சொல்லிட்டேன். ஒங்ககிட்டத்தான் சொல்லல."

அதிகாரி ஏன் அப்படிச் சிரித்துக்கொண்டே பேனாவை நீட்டினார் என்று இப்போது விளங்கியது. கன்னம் சூடேறியது. மழையைத் தவிர வேறெங்கும் பார்க்க முடியவில்லை அவளால்.

"அப்ப இனிமே வேலைன்னு சொல்லிக்கிட்டு வர முடியாது."

"முடியாதுங்க."

"யாராவது கேட்டா நான் என்ன சொல்றது?"

"நீங்கதான் சொல்லணும்."

தூறல் வலுத்தது. அவள் ஒரு படி இறங்கி அவன் பக்கத்தில் நின்றாள்.

"என்னையப் பாக்க வாராருன்னு சொல்லிக்கிறேன்... வாங்க."