இரண்டு தட்டு

தட்டும் சத்தம் அன்று வீட்டுக்குள்ளிருந்து வந்தது.

முற்றத்தில் லாகெர் எள் அரைத்துக்கொண்டிருந்தாள். மாமரத்தடியில் மூத்த மகள் அடோங்கின் தகரக் குவளை வேரில் மோதும் சத்தத்தைக் கேட்டபடி, எள் வாசனையும் புல்கூரையின் ஈர வாசனையும் மூக்கில் ஏற, மதிய வெயிலில் வேலை செய்வது அவளுக்கு நான்கு வருடப் பழக்கம். பதிமூன்று வயதுப் பெண்ணுக்குத் தலை தானாக ஆடும். கூடவே கை ஆடும், குவளை தட்டும். களியைக் கண்டால் இன்னும் ஆடும். ஒருநாள் அடுப்பில் விழுந்து கை வெந்துபோனது. அதன்பிறகுதான் களைவெட்டப் போகும்போது அவளை மரத்தில் கட்டிவிட்டுப் போகத் தொடங்கினாள். முதல்நாள் கட்டியபோது அழுதது மகளல்ல.

இப்போது அடோங் இடுப்புக் கயிற்றோடு மரத்தடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். குவளை அவள் பக்கத்தில் சாய்ந்து கிடந்தது.

டொக். டொக்.

"ஆத்து ஈ கடிச்சுத்தான் புழு ஏறி இப்படித் தலை ஆடுது. எச்சில்ல ஒட்டாதும்மா" என்று கிட்கும் டவுன் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த டாக்டர் படித்துப் படித்துச் சொன்னார். ஊர் நம்பவில்லை. லாகெர் ஆற்றங்கரையை விட்டு மேட்டுக்குக் குடிவந்தாள், மாத்திரையும் கொடுத்தாள், எதற்கும் இருக்கட்டும் என்று தட்டையும் இரண்டாக்கினாள். அடோங்குக்கு மரத்தடியில், ஆறு வயது லாமரோவுக்கு உள்ளே. ஒரே தட்டில் தின்று வளர்ந்தவர்கள். மூத்தவள் இன்றும் களியில் பாதியை ஒதுக்கி வைத்துவிட்டு வாசலைப் பார்ப்பாள். ஆனாலும் ஒருத்தியாவது மிஞ்ச வேண்டுமே.

காலையில்கூடப் பக்கத்து வீட்டு அபாலோ வேலிக்கு அப்பாலிருந்து சிரித்தாள்.

"உன் மூத்தவளப் பொண்ணு கேட்டு யாராச்சும் பரிசத்துக்கு மாடு ஓட்டிட்டு வந்தா சுளுவா முடிஞ்சிரும் லாகெர். எதக் கேட்டாலும் ஆமாங்கிறா."

'உன் வாயில் புழு வைக்க' என்று வந்துவிட்டது நாக்குவரை. அந்தச் சொல்லுக்கே பயந்து லாகெர் திரும்பிக்கொண்டாள்.

டொக். டொக். டொக்.

சின்னவள் விளையாடுகிறாள். அக்காவைப் போல ஆடிக் காட்டி முன்பே ஒருமுறை அடி வாங்கியவள்தான். லாகெர் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். வெயிலிலிருந்து வந்த கண்ணுக்கு இருட்டாக இருந்தது. புகை வாசனை. புளிக்கீரை வாசனை. முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள் லாமரோ. முன்னால் தட்டு. தட்டின் விளிம்பில் குவளை.

"அக்கா மாதிரி ஆடாதேன்னு சொன்னேன்ல?"

தலை ஆடியது. ஆமாம்.

"வெளையாட்டுதானே?"

ஆமாம்.

போன உயிர் திரும்பி வந்தது. சிரிப்புகூட வந்தது.

"போதும்டி கண்ணு. களி ஆறுது பாரு. சாப்பிடுறியா?"

ஆமாம்.

கை தட்டுக்குப் போகவில்லை.

"நிறுத்துறியா, இல்லயா?"

ஆமாம். ஆமாம்.

"அம்மாவப் பாரு."

ஆமாம்.

பார்க்கவில்லை.

லாகெர் முன்னால் போய் உட்கார்ந்தாள். கண் திறந்திருந்தது. வாயில் மெல்லாத களி. எச்சில் ஒழுகியது. தாடை நெஞ்சைத் தொட்டுத் தொட்டு எழுந்தது.

வெளியே அடோங் விழித்துவிட்டாள். வேரில் குவளை. தட்டில் குவளை. ஒரே தாளம்.

லாகெர் போய்க் கயிற்றை அவிழ்த்தாள். மூத்தவளைக் கைப்பிடித்து வந்து தங்கைக்கு எதிரே உட்காரவைத்தாள். இனி எதற்கு இரண்டு தட்டு. அடோங் களியைப் பாதியாகப் பிரித்துத் தங்கை பக்கம் தள்ளினாள். சின்னவள் தலையாட்டினாள். பெரியவள் தலையாட்டினாள்.

நாளை களைவெட்டு இருக்கிறது. லாகெர் கதவருகே நின்று, கயிறு இரண்டு இடுப்புக்கு வருமா என்று முழம் போட்டுக்கொண்டிருந்தாள்.

வந்தது.