இரும்பு ஆறிய பிறகும் கேட்ட சத்தம்

கிட்ட வாங்க கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் கிட்ட. பூங்கனி செம்மணல் தேரிக்குள்ளே பைக் ஓட்டிப் போன கதையைச் சொல்றேன். பயம் வந்தா பக்கத்திலே இருக்கிறவங்க கையைப் பிடிச்சுக்கோங்க, வெட்கப்படாதீங்க.

தேரி என்றால் கண்ணுக்கெட்டிய தூரம் சிவப்பு மணல்மேடு. காற்றடித்தால் மேடே இடம் மாறும். அதற்குள்ளே புதைந்துபோன கல்மண்டபத்தைத் தேடி முந்தின நாள் நடந்து போன லிங்கதுரை திரும்பவில்லை. கையில் ஒரே ஒரு தண்ணீர் பாட்டில். தேடப் போன ஜீப்போ விளிம்பிலேயே புதைந்து நின்றுவிட்டது.

"எங்க அண்ணனை நானே கூட்டிட்டு வாரேன்" என்றாள் பூங்கனி. அவள் பைக் மெக்கானிக்.

அவளுடைய பைக்கில் புகை போகும் சைலன்ஸர் குழாய் தாழ்வாக இருந்தது. மணலில் இடிக்கும், காய்ந்த புல்லில் பட்டால் தீப்பிடிக்கும். அதை அறுத்து, வளைத்து, வெல்டிங் வைத்து, சீட்டுக்குப் பக்கமாக மேலே ஏற்றினாள். சூடு தாங்கும் நாடாவைச் சுற்றினாள். பின்னால் உட்காருபவரின் கால் வெந்துவிடாமல் இருக்க ஓட்டை போட்ட தகடு ஒன்று வேண்டுமே? அம்மாவின் இட்லித் தட்டைத் திருகி மாட்டினாள்!

"பெரியம்மா கொன்னுருவா" என்றான் துணைக்கு வந்த சித்தி மகன் சுயம்பு.

"ஏலே, தட்டுக்கும் குழாய்க்கும் நடுவுல ஒரு விரல் இடைவெளி விட்டிருக்கேன். காத்து அந்த வழியாப் போனாத்தான் சூடு இறங்கும். அதுல எதையும் வச்சிராத."

கிளம்பும்போது உச்சிப்பொழுது. தேரி வாசலில் இசக்கியம்மன் கல் இருக்கிறது. வேப்பிலை எடுக்காமல் யாரும் உள்ளே போவதில்லை. பூங்கனி கண்ணை மூடிக் கும்பிட்ட நேரத்தில், சுயம்பு ஒரு கொத்தை ஒடித்து பைக்கில் சொருகினான்.

உள்ளே போகப் போக உலகமே வாயை மூடிக்கொண்டது. குருவி இல்லை, காலடியில் நிழல் இல்லை. மணல் மட்டும் "ஸ்ஸ்ஸ்" என்று ஊர்ந்தது. திடீரென்று வேப்பிலை கருகும் வாடை! கோயில் கொடை நாளில், சாமியாடி பக்கத்தில் வந்து நின்றால் அடிக்குமே, அதே வாடை. வெள்ளைப் புகை ஒன்று பின்னாலிருந்து மெல்ல வந்து பூங்கனியின் தோளைத் தொட்டது.

"எக்கா, திரும்பிப் பாக்காத! அவ வந்துட்டா... ஐயோ, என் காலைப் பிடிச்சிட்டா!"

பூங்கனி பிரேக் போட்டு இறங்கிப் பார்த்தாள். தட்டுக்கும் குழாய்க்கும் நடுவே வேப்பிலைக் கொத்து கனன்றுகொண்டிருந்தது. குழாய் செக்கச் சிவந்திருந்தது.

"கிறுக்கா! சொருக வேற இடமா கிடைக்கல?"

"அங்க வச்சாத்தான் விழாதுன்னு..." பாட்டிலைத் திறந்தான் சுயம்பு.

"ஊத்தாத! பச்சத்தண்ணி பட்டா வெல்டிங் விரிசல் விட்டுரும். ஏலே, அது அண்ணனுக்கு வச்ச தண்ணி."

கங்குகளைத் தோண்டி எடுத்து மணலில் புதைத்துவிட்டுக் காத்திருந்தார்கள்.

டிக்... டிக்...

"என்னக்கா அது?"

"இரும்பு ஆறுற சத்தம்லே, சும்மா இரு."

வெகுநேரம் கழித்துப் பூங்கனி குழாயைத் தொட்டுப் பார்த்தாள். ஆறிவிட்டது. ஆனால்...

டிக்... டிக்...

இருவரும் பைக்கை உற்றுப் பார்த்தார்கள். சத்தம் பைக்கிலிருந்து வரவில்லை. காலுக்குக் கீழேயிருந்து வந்தது!

பூங்கனி மணலில் காதை வைத்தாள். அடுத்த நொடி இரண்டு கையாலும் தோண்டினாள். புதைந்த மண்டபத்தின் வாயிலை அடைத்திருந்த பலகைக்கல்லின் விளிம்பு தெரிந்தது. அதன் இடுக்கிலிருந்து, செம்மண் அப்பிய ஐந்து விரல்கள் வெளியே நீண்டன!

"பூங்கனி..." என்றது உள்ளேயிருந்து ஒரு வறண்ட குரல்.

"அண்ணே!"

இடுக்கு வழியே தண்ணீரை ஊற்றினாள். அள்ள அள்ள மணல் திரும்பச் சரிந்தது. இன்னும் கொஞ்சம் போனால் அந்த இடுக்கும் மூடிவிடும். பலகைக்கல்லில் கயிற்றை மாட்டினாள். மணலில் புதையாமல் இருக்க டயர் காற்றைப் பாதி இறக்கி, முதல் கியரில் இழுத்தாள். பைக் உறுமியது, நகரவில்லை. நின்ற இடத்திலேயே இழுத்தால் காற்று ஏது? குழாய் மறுபடி சிவந்தது.

"விசிறுலே!"

சுயம்பு சட்டையைக் கழற்றி, குழாய்ச் சூட்டில் கால் பொசுங்கப் பொசுங்க இடைவெளிக்குள் காற்றை விசிறினான். கல் முனகியது. அசைந்தது. புரண்டது! லிங்கதுரை தவழ்ந்து வெளியே வந்தான்.

"நல்லவேளை, நீ தட்டிக்கிட்டே இருந்தே அண்ணே" என்று அழுதாள் தங்கை.

லிங்கதுரை இருண்ட வாயிலைப் பார்த்தான். "கல்லு சரிஞ்சு வாசலை அடைச்சதுல நான் நேத்தே ஓஞ்சிட்டேன் தாயி. தட்டினது நான் இல்ல. உனக்குக் கேட்ட சத்தம்தான் எனக்கும் கேட்டுச்சு. என் முதுகுக்குப் பின்னால."

அதற்கப்புறம் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. மூன்று பேரும் ஒரே பைக்கில் ஊருக்குள் நுழைந்தபோது தெருவே குலவை போட்டது.

சாமியைத் துணைக்குக் கூட்டிப் போங்க கண்ணுகளா. காத்து வர்ற வழியை மட்டும் அடைச்சிராதீங்க. உங்க வீட்டு அடுப்பிலே சூடு இருக்கட்டும், மனசிலே குளிர்ச்சி இருக்கட்டும். வெளியே போன பிள்ளைங்க விளக்கு வைக்கிறதுக்கு முன்னாலே வாசல் ஏறட்டும்.