ஏழாம் பத்தியும் ஐப்பசி மழையும்

காரைக்கால் பேருந்து நிலையத்தில் டவுன் பஸ் ஏறி, சுகிர்தா ஜன்னலோரம் உட்கார்ந்ததுதான் தாமதம்... ஐப்பசி மழை சோவென்று பிடித்துக்கொண்டது. ஆளுக்கொரு ஜன்னலாக இழுத்துச் சாத்தினார்கள். பஸ்ஸுக்குள் ஈரப் புடவைகளின் வாசமும், பூக்கூடையின் வாசமும் கலந்து நின்றன. அந்த நேரம் பார்த்து அவள் கைபேசி அழைத்தது.

ஜெனீவாவிலிருந்து அமினாதா. மேற்கு ஆப்பிரிக்க நாடொன்றின் தூதரக அதிகாரி. சுகிர்தாவோடு சேர்ந்து ஒரு தீர்மானத்தை எழுதிக்கொண்டிருப்பவள். வளர்ச்சியும் அமைதியும் மனித உரிமையும் பற்றி ஐ.நா. கூட்டத்தில் வைக்கவேண்டிய தீர்மானம். அதன் ஏழாம் பத்தியில்தான் இரண்டு வாரமாகச் சிக்கல். சிறு விவசாயிகளையும் மீனவர்களையும் பற்றி ஒரே ஒரு வரி... அதைச் சில நாடுகள் ஏற்க மறுத்தன.

இந்தப் பஸ்ஸில் யாருக்குப் புரியப்போகிறது என்ற தைரியத்தில், சுகிர்தா பிரெஞ்சில் கொஞ்சம் உரக்கவே சொன்னாள். விவசாயி, மீனவர் என்ற ஒரு வரிக்காக முழுத் தீர்மானத்தையும் இழக்க முடியாது, எடுத்துவிடலாம், அதைத் தேடிப்பிடித்து யார் படிக்கப்போகிறார்கள் என்று.

பேசி முடித்துக் கைபேசியைப் பைக்குள் வைக்கும்போது, பின் இருக்கையிலிருந்து ஒரு குரல் வந்தது. சுத்தமான பிரெஞ்சு.

"நான் படிப்பேன், மதாம்."

திரும்பிப் பார்த்தாள். நனைந்த கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்துக்கொண்டிருந்தான் ஒருவன். துடைத்து மாட்டுவதற்கு முன் ஒரு கணம் அவளை நிமிர்ந்து பார்த்தான். மழை விட்ட பிறகு குளத்துத் தண்ணீர் இருக்குமே... அப்படிப்பட்ட கண்கள். கோபப்பட வேண்டும் என்பதே அவளுக்கு அரை நொடி மறந்துபோனது.

"ஒட்டுக் கேக்குறது நல்ல பழக்கம் இல்லீங்க," என்றாள்.

"பிரெஞ்சுக்காரங்க ஆண்ட காரைக்கால்ல, பஸ்ல உக்காந்து பிரெஞ்சுல ரகசியம் பேசுறது மட்டும் நல்ல யோசனையாங்க?"

பக்கத்துப் பூக்காரம்மா வாய்விட்டுச் சிரித்தாள். சுகிர்தாவின் முகம் சிவந்தது. அவனோ குரலைத் தாழ்த்தி, விவசாயியைப் பார்க்கணும்னா ஜன்னலைத் திறந்தா போதும், மீனவரைப் பார்க்கணும்னா கருக்களாச்சேரியில் எங்கப்பா இருக்கார் என்றான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். குரும்பகரத்தில் இறங்கும்போதுகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் பஸ் போன பிறகு, மழையிலேயே கொஞ்ச நேரம் நின்றாள்... என்ன திமிர் அவனுக்கு.

குரும்பகரத்து வைத்தியலிங்கத்தின் ஒரே மகள் அவள். நெல் விதைத்துப் பிழைக்கும் வீட்டிலிருந்து வெளியுறவுப் பணிக்குப் போனவள். ஜெனீவாவில், நாட்டின் பெயர்ப்பலகைக்குப் பின்னால் உட்கார்ந்து பேசும்போது அவள் குரல் அவளுடையது அல்ல, நாட்டினுடையது. அங்கே ஒவ்வொரு சொல்லையும் எடை போட்டுப் பேசிப் பேசி, சொந்தக் குரல் எப்படி இருக்கும் என்பதே அவளுக்கு மறந்துவிட்டிருந்தது. இப்போது இரண்டு வார விடுப்பு. அம்மா மங்கையர்க்கரசி வரன் பார்த்து வைத்திருந்தாள் என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது.

மறுநாள், காரைக்காலில் அவள் படித்த கல்லூரியில் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். வாசலில் வரவேற்க நின்றவனைப் பார்த்ததும் அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. பஸ்ஸில் பார்த்த அதே கண்ணாடி, அதே கண்கள். பெயர் செம்பியன். அங்கே பிரெஞ்சு கற்பிக்கும் கெஸ்ட் லெக்சரர். மாலையில் நெடுங்காட்டில் தனி வகுப்பு. மிச்ச நேரத்தில் மொழிபெயர்ப்பு.

பேச்சு முடிந்ததும் ஒரு மாணவி எழுந்தாள். வாக்கெடுப்பில் நம் நாடு சில சமயம் எந்தப் பக்கமும் கை தூக்காமல் இருக்கிறதே, அது பயமா என்று கேட்டாள். சுகிர்தாவின் நாக்கு நுனியில் வழக்கமான பதில் தயாராக இருந்தது. கடைசி வரிசையில் நின்ற செம்பியனைப் பார்த்தாள்... அதை விழுங்கிவிட்டு, உண்மையையே சொன்னாள். சண்டை போடும் இரண்டு பேரோடும் பேசக்கூடிய ஒருவர் அறையில் மிச்சம் இருக்க வேண்டும். அதற்குக் கொடுக்கிற விலைதான் அது. சில சமயம் அந்த விலை சரி. சில சமயம், ராத்திரி தூக்கம் வராது.

தேநீர் வேளையில் அவனே வந்தான். நேற்று அவசரப்பட்டுப் பேசிட்டேன், மன்னிச்சுக்குங்க என்றான். ஒரு வரியை விட்டுக்கொடுத்து மற்ற எல்லாவற்றையும் காப்பாற்றுவதும் ஒரு வேலைதான் என்று இன்றைக்குத்தான் புரிந்தது என்றான். அவளுக்குச் சட்டென்று அந்த வரியைக் காப்பாற்ற வேண்டும்போல இருந்தது.

"வரைவு எல்லா நாட்டுக்கும் போனதுதான், ரகசியம் இல்ல. நீங்களே ஒரு வார்த்தை சொல்லுங்களேன்," என்றாள். "'உரிமை'ன்னு போட்டா ஒரு பக்கம் எழுந்து போயிடுவாங்க. 'நலன்'னு போட்டா இன்னொரு பக்கம் இது வெறும் பேச்சும்பாங்க."

அடுத்த மூன்று நாளும் கல்லூரி நூலகத்தில் அதே பேச்சு. அவள் ஆங்கிலத்தில் ஒன்று சொல்வாள். அது பிரெஞ்சில் எப்படித் தொனிக்கும் என்று அவன் சொல்வான். இது கல்லு மாதிரி இருக்குங்க, இது கொழகொழன்னு இருக்குங்க என்பான். அவளுக்குச் சிரிப்பு வரும். வெளியே மழை அடிக்கும், நிற்கும், மறுபடி அடிக்கும். சொல் மட்டும் கிடைக்கவில்லை. கிடைக்காமலே இருந்தால் என்ன என்று ஒரு மனசு கேட்டது... ச்சே, என்ன இது என்று இன்னொரு மனசு அதட்டியது.

அந்த வாரம்தான் வீட்டில் அது நடந்தது. டெல்லி மாப்பிள்ளை வீட்டார் ஞாயிற்றுக்கிழமை வருவதாக முடிவாகிவிட்டது என்றாள் அம்மா. வெற்றிலை பாக்கு வரைக்கும் வாங்கியாயிற்று. சுகிர்தா அப்பாவிடம் போய் நின்றாள்.

"என் கல்யாணத்துக்கு என்னைக் கேக்காம எப்படிப்பா முடிவு பண்ணுனீங்க?"

வைத்தியலிங்கம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வயலுக்குக் கிளம்பிவிட்டார். மகளுக்குள் அந்தக் கேள்வி மறுபடி மறுபடி சுழன்றது. சட்டென்று பொறி தட்டியது. அந்த வரியும் இதுதானே... விதையைப் பற்றியும் தண்ணீரைப் பற்றியும் கடற்கரையைப் பற்றியும் எந்த முடிவானாலும் 'அவர்களைக் கலந்தே' என்று எழுதினால்? உரிமை என்று சொல்லாமலே உரிமையின் வாசலைத் திறந்து வைக்கும் சொல். உடனே ஜெனீவாவுக்குப் பேசினாள். தூதர் யோசித்தார், டெல்லி அமைச்சகத்தைக் கேட்டார், ஒப்புக்கொண்டார். இரு பக்கமும் முணுமுணுத்துவிட்டு ஏற்றதாக வெள்ளிக்கிழமை அமினாதா சொன்னாள். ஏழாம் பத்தி பிழைத்தது.

அதைச் சொல்ல அவள் ஓடிய முதல் ஆள் செம்பியன். அவன் மகிழ்ந்தான்தான். ஆனால் அந்த மகிழ்ச்சி கண்ணுக்கு வரவில்லை. மாப்பிள்ளை வீட்டார் வருவதை யாரோ சொல்லியிருந்தார்கள். நல்லபடியா நடக்கட்டுங்க என்றான். அவள் இன்னும் சம்மதிக்கவில்லை என்று சொன்னதும், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"அடுத்த வருஷம் வேலை இருக்கா இல்லையான்னு தெரியாத ஆளு நான். நீங்க மூணு வருஷத்துக்கு ஒரு நாடு. உங்க பையைத் தூக்கிக்கிட்டுப் பின்னாடி வர எனக்குத் தெரியாதுங்க. இது ஒத்து வராது."

"அதையும் நீங்களே முடிவு பண்ணிட்டீங்க..." என்றாள் மெதுவாக. கண்ணீர் வருமுன் வெளியே வந்துவிட்டாள்.

சனிக்கிழமை முழுக்க அவள் திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தாள். சாயங்காலம், வயல் வரப்பைப் பார்த்துவிட்டு வந்த வைத்தியலிங்கம் கால் கழுவிக்கொண்டு மகளருகே உட்கார்ந்தார். டெல்லிக்காரர்களை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டதாகச் சொன்னார். மங்கையர்க்கரசி உள்ளே பாத்திரத்தை நங்கென்று வைத்தாள்.

"நீ கேட்டது இன்னும் குத்துதும்மா. அன்னிக்கு நாங்க கேக்கல. இப்பக் கேக்குறேன்... ஊருல சொல்றாங்களே, அந்தப் பிரெஞ்சு வாத்தியாரா?"

அவள் தலை குனிந்தது. கடல் தொழில் செய்யும் குடும்பம், சொந்தக்காரர்கள் பேசுவார்கள், என் மனசு முழுசா ஒப்ப இன்னும் கொஞ்ச நாளாகும் என்று மறைக்காமல் சொன்னார். அம்மா வாசற்படியில் வந்து நின்றாள். அவள் கண்ணும் கலங்கியிருந்தது.

"பேசுறவங்க பேசட்டும்," என்றார் கடைசியில். "அந்தத் தம்பிக்கு என்ன மனசுன்னு நீயே போய்க் கேட்டுட்டு வா."

ஞாயிறு காலை, கருக்களாச்சேரி. புயல் எச்சரிக்கையால் படகுகளெல்லாம் கரையேறிக் கிடந்தன. அப்பாவோடு சேர்ந்து படகுக்குத் தார்ப்பாய் கட்டிக்கொண்டிருந்த செம்பியன் அவளைக் கண்டதும் கயிற்றை அப்படியே விட்டான். அவன் அப்பா ஒரு பார்வை பார்த்துவிட்டு, வேலை இருப்பதுபோல அடுத்த படகுக்கு நகர்ந்தார். தூறல் அவன் கண்ணாடியில் முத்து முத்தாக நின்றது.

எத்தனை அவைகளில் பேசியவள்... இங்கே எழுதி வைத்த உரை எதுவும் கையில் இல்லை.

"நாட்டுக்காக நிறையப் பேசிட்டேங்க. எனக்காக ஒண்ணே ஒண்ணு. உங்களை எனக்குப் பிடிச்சிருக்கு. என் பை பெரிசு இல்ல, அதை நானே தூக்கிக்குவேன்."

அவன் சிரிக்க முயன்றான். முடியவில்லை. கண்ணாடியைக் கழற்றினான். குளத்துத் தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது.

முதல் நாள் பஸ்ஸில் அவள் இறங்கிப் போனதும், நெடுங்காட்டில் இறங்கவே மறந்து இரண்டு ஊர் தாண்டிப் போய்விட்டதாகச் சொன்னான். முந்தாநாள் பேசியதெல்லாம் பயம், மானம் என்று அதற்குப் பெயர் வைத்துக்கொண்டேன் என்றான். மொழிபெயர்ப்பு வேலையை எந்த ஊரில் உட்கார்ந்தும் செய்யலாம் என்று ராத்திரி முழுக்க யோசித்தேன் என்றான். பிறகு கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டான்.

"ஜெனீவால மழை பெய்யுமாங்க?"

"பெய்யும். ஆனா ஜன்னலைச் சாத்திட்டா சத்தமே இருக்காது. பேச ஆளில்லாம... நான் மட்டும் உக்காந்திருப்பேன்."

"இனிமே இருக்க வேணாம்," என்றான் செம்பியன். "பேச நான் வர்றேன்."